இடது இமை

மே ஒன்பது. விடியலில் உறைபனி.
பள்ளிப் பேருந்தைக் கிளப்பும் முன்
கீழ்வயல் வேலியோரம் போய்க் கூப்பிட்டேன்.
வாளியைத் தட்டினால் மேட்டிலிருந்து பாய்ந்து வருகிறவள்
வாளிக்கு முதுகைக் காட்டி நின்றாள்,
நான்கு குளம்பையும்
ஒரு தாம்பாளத்துக்குள் அடக்கியதுபோல.

விலாவில் திட்டுத்திட்டாய் வியர்வை.
தோளில் ஓயாத நடுக்கம்.
குடித்த தண்ணீர் மூக்குவழி திரும்பி வந்தது
பச்சையாய்.

டாக்டர் இன்னஸ் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.
இடது கண்ணில் மட்டும் சொட்டு மருந்து விட்டு
"அரை மணி நேரம்" என்றார்.
ருவாரி அதற்குள் கொட்டடித் தாழ்ப்பாளுக்கு
மூன்று முறை எண்ணெய் போட்டுவிட்டான்.
நான் மழைக்கோட்டின் பித்தான்களை எண்ணினேன்.
ஆறு. திரும்பவும் ஆறு.

பிறகு இடது இமை எழுந்தது.
வலது இமை கிடந்தபடி கிடந்தது.
ஒரே முகத்தில்
ஒரு கண் கேள்வி கேட்டது,
ஒரு கண் பதிலை மூடி வைத்திருந்தது.

"புல் நோய்" என்றார் இன்னஸ்.
குடலின் நரம்புகள் செத்துக்கொண்டிருக்கின்றனவாம்.
"எதனால்?"
"நூறு வருஷமாய்த் தேடுகிறார்கள், செங்கா."

வல்லவன் கையில்தான் புல் ஆயுதமாகும்
என்று நினைத்திருந்தேன்.
எவர் கையும் படாமல்
பனியும் வெயிலும் குடித்து
அது தானே கூர்மையாகிக்கொண்டிருந்தது,
என் சொந்த நிலத்தில்.

குளிர்பெட்டிக் கதவில் ருவாரியின் கோழிக்கிறுக்கல்:
இரவு 11 – ஓட்ஸ் கஞ்சி, இரண்டு வாய்.
1 – கேரட் துருவல். துப்பிவிட்டாள்.
3 – வெல்லப்பாகு தடவிய என் விரல். நக்கினாள்.
3.20 – நக்கவில்லை.
4 – ஒன்றுமில்லை.
4.30 – ஒன்றுமில்லை. ஆனால் என்னைப் பார்த்தாள்.

ஐந்தாம் இரவு
எங்களுக்கு அந்த வயலை விற்ற வாட்டி கெயர்ன்ஸ்
இரண்டு புட்டி கறுப்பு பீரோடு வந்தார்.
தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.
"அங்கே எனக்கு மூன்று போயின" என்றார்.
"ஒன்று முதலில். பிறகு இரண்டு, ஒரே வாரத்தில்."

பத்திரத்தில் ஓடை இருந்தது,
பாதை உரிமை இருந்தது,
விழுந்துபோன ஒரு கல்சுவருக்குக்கூட அளவு இருந்தது.

ருவாரி எழுந்தான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.
அந்த நேரம் பார்த்து
கெல்பி கழுத்தை நீட்டி
பீர் சிந்திய வாட்டியின் கையை நக்கினாள்.
ஒருமுறை இல்லை. நிறுத்தாமல்.
மூன்று பெரியவர்கள்
மூச்சுவிடவும் பயந்து நின்றோம்.

"சண்டையை அடுத்த வாரம் போடலாம்" என்றேன்.
"இரவு இரண்டிலிருந்து நான்குவரை உங்கள் முறை."
வந்தார். அடுத்த நாளும்.
மன்னிப்புக் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை.
சாணம் அள்ளினார்.
விலா எலும்புகளின்மேல் கம்பளியைச் சரிசெய்தார்,
எண்ணிப் பார்க்காமல்.

பதினாறாம் நாள் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு
காலிப் பேருந்தைத் தேவாலயச் சுவரோரம் நிறுத்தினேன்.
சமையலறைக் கத்தரிக்கோலால்
கல்லறைகளுக்கு நடுவில் வெட்டினேன்
ஒரு கைப்பிடி.
எதைக் கொடுத்தும் வாய் திறக்காதவளுக்கு
எது கொன்றுகொண்டிருந்ததோ அதையே.

முகர்ந்தாள்.
ஒரு தாளை உதட்டால் தனியே பிரித்தெடுத்தாள்,
கடிதத்தைப் பிரிக்கிற நிதானத்தில்.
மென்றாள். நெடுநேரம் மென்றாள்.
நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை,
தொண்டையையே பார்த்திருந்தேன்.
தோலுக்கடியில் ஒரு சிறு முடிச்சு
இறங்கியது,
நின்றது,
இறங்கியது.

ருவாரி எழுதினான்: 4.50 – புல். ஒரு தாள்.
பேனா மை தீர்ந்திருந்தது. அழுத்தி எழுதினான்.

இன்று ஜூன் இருபது.
இரண்டு இமையும் இன்னும் தாழ்ந்தேதான் இருக்கின்றன.
இன்னஸ் எதையும் உறுதியாய்ச் சொல்ல மறுக்கிறார்.
கீழ்வயலில் இடுப்புயரம் எழும்பி
காற்றுக்கு ஒரு பக்கமாய்ச் சாய்கிறது,
இந்த மாவட்டத்திலேயே அழகான புல்.
கேட்டில் சங்கிலி. 
சாவி வாட்டியிடம்.