இரண்டு நாற்பது

திருச்செங்கோடு, சங்ககிரி ரோடு.
ரிக் வண்டிகள் வரிசையாய் நிற்கும் வளாகத்தின் மாடியில்
மூன்று நாளாய்ச் சர்வர்
செத்துச் செத்துப் பிழைக்கிறது.
"மதர்போர்டு போயிருக்குமுங்" என்கிறார் செங்கோட்டுவேல்.
முன்னால் வந்த பையன் தொட்டுப் பார்த்தே சொன்னானாம்.
உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நின்றால்
அங்கே நீரோட்டம் என்பவர்களோடு
பாதி இந்தியா சுற்றியவர். நம்பிவிட்டார்.

நான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை.
எப்போது நிற்கிறது?
கடைசியாய் எதை மாற்றினீர்கள்?
"ஒண்ணுமே மாத்தலீங்" என்றார் கணக்கு எழுதும் சம்பூர்ணம்.
பிறகு மெதுவாக,
"மேசைய அக்கட்டால தள்ளிப் போட்டோம், அதும் கணக்குங்களா?"
எல்லாமே கணக்குதான்.
நோட்டில் எழுதினேன்.

பவர் சப்ளை இரண்டில் ஒன்றைக் கழற்றி ஓட விட்டேன்.
நின்றது.
அதை மாட்டி, மற்றதைக் கழற்றினேன்.
நின்றது.
ஐந்தாம் குழியின் மெமரியை முதல் குழிக்கு மாற்றினேன்:
நோய் கம்பியோடு போகிறதா, குழியிலேயே கிடக்கிறதா?
இரண்டும் இல்லை.
பழையபடி வைத்துவிட்டு அடுத்தது.

"அத்தனையும் ஒரேயடியா மாத்திப் போடுங், காசு நான் தர்றேன்."
சரியாகிவிட்டால்
எதனால் சரியானது என்று யாருக்குத் தெரியும்?
நோட்டை நீட்டினேன்.
ஒரு பக்கம் படித்தார். இன்னொரு பக்கம்.
"எங்க டிரில்லர் எழுதுற மாதிரியே இருக்குதுங்.
நாப்பதடி செம்மண்ணு, எழுவதுல ஓடக்கல்லு..."
விரல் ஓர் இடத்தில் நின்றது.
செவ்வாய் 2.40. புதன் 2.43. வியாழன் 2.38.
"சாப்பாடு முடிஞ்சு கீழ
வெல்டிங் போடுற நேரமுங் அது."

நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரை வைத்தேன்.
இரண்டு வோல்ட்டைத் தாண்டக் கூடாது.
பத்தொன்பது.

பின்சுவரோரம் மூடி உடைந்த எர்த்துக் குழி.
கையை விட்டால் கரித்தூள், உப்புக்கட்டி,
பங்குனியோடு நின்றுபோன வாட்ச்மேன் போட்ட பீடித்துண்டு.
ஈரம் மட்டும் இல்லை.
ஆயிரத்து இருநூறு அடி போகிற வண்டிகள்
பதினொன்று நின்றன பக்கத்தில்.
யாரும் சிரிக்கவில்லை.
செங்கோட்டுவேல் வேட்டியை மடித்துக் கட்டி
அவரே பக்கெட் தூக்கி வந்தார்.
மண் குடித்த சத்தம் எங்கள் மூவருக்கும் கேட்டது.
பதினொன்று. ஆறு. நாலாம் பக்கெட்டில் ஒன்றரை.

மறுநாள் இரண்டு முப்பதுக்கே
மாடியில் வந்து நின்றுகொண்டோம்.
கீழே பொறி பறந்தது.
பச்சை விளக்கு பச்சையாகவே இருந்தது.
மூன்று மணி வரை நான் கிளம்பவில்லை.
நோட்டின் கடைசி வரி: வாரம் ரெண்டு குடம்.

"தண்ணிச் செலவ
எந்தத் தலைப்புல எழுதறதுங்?" என்றார் சம்பூர்ணம்.