வெள்ளியில்லை, ஞாயிறு

சென்னை விமான நிலையத்தில்
என் பெட்டியின் சக்கரம் ஒன்று
என்னோடு வர மறுத்துவிட்டது.
பாண்டி பேருந்து நிலையத்தில்
ஜிப்பும் வாயைப் பிளந்தது.

உடன் வந்த பதினோரு பேர்
பொன்னுருண்டை பார்க்க ஆரோவில் போனார்கள்.
துணிகளை விடுதிக் கட்டிலில் கொட்டிவிட்டு
காலிப் பெட்டியை நொண்ட நொண்ட இழுத்துக்கொண்டு
நான் காந்தி வீதிக்கு.

ஞாயிற்றுக்கிழமை.
பூட்டிய கடைகளின் முன்னால்
தார்ப்பாய் விரித்து வேறு கடைகள்.
எதை எடுத்தாலும் ஐம்பது
எதை எடுத்தாலும் ஐம்பது என்று கத்தியவர்
நான் எடுத்த எதற்கும் எழுபது சொன்னார்.

டிவியைப் பிரிந்த ரிமோட்டுகள் ஒரு குவியல்.
யார் யார் கண்ணுக்கோ அளந்து செய்த
பழைய மூக்குக்கண்ணாடிகளை
ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்
காக்கிச் சட்டைக்காரர் ஒருவர்.
ஆறாவதில் அவருக்குத் தெரு கிடைத்துவிட்டது போல.
எதிர்ப்பக்கப் பலகையை எழுத்துக்கூட்டி
உரக்கப் படித்தார்.
நாற்பது ரூபாய்.

எனக்குச் சுங்கை பட்டாணி.
கையுறை ஆலையில் ஓட்டை தேடுகிற வேலை.
காற்றடைத்து, விளக்கொளியில் திருப்பி,
விரல் இடுக்கில் ஊசிமுனைக் கசிவைப் பிடிக்க வேண்டும்.
பதினேழு வருஷம்.
சட்டை வாங்கினாலும், சாமி கும்பிட்டாலும்
கண் முதலில் இடுக்குகளுக்குத்தான் போகும்.
அப்படித்தான் அங்கிருந்த பெட்டிகளையும் தூக்கித்
தட்டி, கவிழ்த்து, உள்ளே தலைவிட்டுப் பார்த்தேன்.

நீலப் பெட்டிக்கு நாலு சக்கரமும் இருந்தது.
ஒரு மூலையில் மட்டும் ஜிப் பல் கொஞ்சம் கடித்தது.

"இது எத்தன வெள்ளி?"

கடைக்காரர் நிமிர்ந்தார்.
"வெள்ளி இல்லக்கா, இன்னிக்கு ஞாயிறு."

பக்கத்தில் சார்ஜர் விற்ற பையன்
வாயில் இருந்த டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.
எங்க ஊரில் காசுக்கு அதுதான் பேர் என்றேன்.
எந்த ஊர் என்றார்.
"மலேசியா லா."
அந்த லா-வை மனசுக்குள் எடை போட்டார் ஜக்கரியா பாய்.
நானூறு சொல்லத் திறந்த வாயில்
அறுநூறு வந்து உட்கார்ந்தது.

அப்போதுதான் பார்த்தேன்:
கைப்பிடியில் பாதி கிழிந்த விமானச் சீட்டு.
ராசு என்று முடிகிற ஒரு பெயரின் வால்.
கீழே, என் சீட்டில் இருக்கும் அதே மூன்று எழுத்து.
கோலாலம்பூரில் ஏறிய பெட்டி.

"இது எங்கேருந்து வந்திச்சு பாய்?"
"லாஸ்பேட்டைல ஒரு வீடு காலி பண்ணாங்க.
ஒரு வண்டி சாமான். யாரு எவருன்னு நான் கேக்கல."

பக்கப்பையைத் துழாவினேன்.
ஒரு சேஃப்டி பின்.
பத்து சென் காசு ஒன்று.
"இதான் வெள்ளியா?"
"இது மாதிரி பத்து சேர்ந்தா."
"அப்ப நம்ம காசுக்கு?"
"ரெண்டு ரூபா வரும்."
வெயிலில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார்,
என்னைப் போலவே, ஓட்டை தேடுகிறவர் மாதிரி.
பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
ஐம்பது குறைத்தார்.
என் நொண்டிப் பெட்டிக்கு இன்னொரு நூறு.
நானூற்றைம்பது. எண்ணிக் கொடுத்தேன்.

புதுப் பெட்டி சத்தமே இல்லாமல் வந்தது.
அதனால் பின்னால் நடப்பதெல்லாம் கேட்டது.
தெருமுனையைத் தொடுவதற்குள்
"பாரின் பெட்டி, பாரின் பெட்டி,
மலேசியா அக்கா இப்பதான் வச்சிட்டுப் போச்சு!"

திரும்பிப் பார்த்தேன்.
சக்கரம் இல்லாத மூலைக்கு
செங்கல் ஒன்றை முட்டுக் கொடுத்து
முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்.
கைப்பிடியில் என் சீட்டு ஆடியது,
தவமலர், முழுப்பெயர்.
கிழித்துவிட்டு வரலாமா என்று நின்றேன்.
ஒரு பெண் குனிந்து விலை கேட்டுக்கொண்டிருந்தாள்.
வியாபாரத்தைக் கெடுப்பானேன்?

என் பல் பிரஷ்
அதன் பக்கப்பையிலேயே இருந்தது
ராத்திரிதான் தெரிந்தது.