ஒரு முறை பார்க்கலாம்

ஆகஸ்ட்.
அல் கோரில் கடல் எழுந்து வந்து
சன்னல் கண்ணாடிக்கு வெளிப்புறம் வியர்க்கிறது.
தெருவில் நாற்பத்துநான்கு டிகிரி.
என் இடுக்கி நுனியில்
பூஜ்யத்துக்குக் கீழே நூற்று எண்பது.
நடுவில் நான்,
முகக்கவசம் இரண்டு, கம்பளிச் சட்டை ஒன்று,
மூச்சைப் பக்கவாட்டில் விடப் பழகியவள்.
இந்த ஊர்க் காற்றின் ஈரம் ஒரு பொட்டு போதும்,
நாலு நாள் வேலைமேல்
உறைபனி பூசணமாய்ப் படர.

தங்க வலை. மூன்றே மில்லிமீட்டர்.
மூக்குத்தி அளவுதான்;
எந்த அடகுக்கடையிலும் வாங்க மாட்டார்கள்.
அதன்மேல் செல்கள்
கால் நீட்டிப் படுத்திருக்கின்றன.
பதினைந்து நிமிடம் முன்பு அவற்றின் வாசலில்
ஒரு விருந்தாளியை விட்டேன்.
ஷஹானியாவில் ஒட்டக மூக்கில் பஞ்சுக்குச்சி நுழைத்து
ஹிஸ்ஸா கொண்டுவந்து, குடுவையில் பெருக்கியவன்.
(ஒட்டகம் தும்மியது. அன்றைக்கு அவளுக்கு மூன்றாவது கோட்டு.)
கொல்கிறானே ஒருவன், அவனுக்கு இவன் ஒன்றுவிட்ட தம்பி.
சளிக்கு மேல் எதுவும் தெரியாது.
கதவு திறக்கும் கை மட்டும்
குடும்பக் கை.

பொத்தானை அழுத்துகிறேன்.
வலை விழுகிறது, திரவ ஈத்தேனுக்குள்.
தண்ணீருக்குப் பனிக்கட்டி ஆகத் தெரியும்,
ஆக நேரமில்லை.
வரிசையில் கைகோத்துக்கொள்ளுமுன்
அப்படியே நின்றுவிட்டது,
பின்னாலிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்.
உள்ளே போகப் பார்த்தவன்
போகப் பார்ப்பவனாகவே.

மைக்ரோஸ்கோப்பில் சட்டம் ஒன்றுதான்:
ஓர் இடத்தை ஒரு முறை பார்க்கலாம்.
காட்டுகிற எலெக்ட்ரானே கருக்கவும் செய்யும்.
அதனால் கஞ்சத்தனமாய்ப் பார்க்கிறேன்,
செல் மெலிந்து முடியும் விளிம்பில்,
வலையை அறுபது டிகிரி இந்தப் பக்கம் சாய்த்து
மெல்ல மெல்ல அறுபது அந்தப் பக்கம்.
அதற்குமேல் சாயாது.
சாயாத திசையில் எல்லாமே
மழை பட்ட மைபோல் நீண்டு கலங்கும்.
அங்கே அவன் முகம் எப்படியோ,
எனக்கும் தெரியாது, கணினிக்கும் தெரியாது.

விடிகாலை ஐந்துக்கு
நைட்ரஜன் கொண்டுவந்தார் இருதயராஜ்.
"புகையா வருதே மேடம், உள்ள என்ன வேகுது?"
"வேகலை. நிக்குது."
கையெழுத்து வாங்கியும் போகவில்லை.
திரையில் சாம்பல்மேல் சாம்பலாய்
செல்லின் கரை.
கரையைத் தொட்டபடி ஒரு முள்ளுருண்டை.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் குனிந்தார்,
நாளொன்றுக்கு எட்டு கேட்டில் வண்டி நிறுத்துகிறவர்.
"இவன்கிட்ட பாஸ் இருக்கு மேடம்."
"யாரோட பாஸ்?"
"அது தெரியாது. ஆனா செக்யூரிட்டி நம்பிட்டான்.
பாருங்க, அவனே உள்ள இழுக்குறான்."

விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன்.
சவ்வு, ஆமாம், குழிந்திருந்தது.
இரவெல்லாம் நான் முட்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்,
இருபத்துமூன்று, இருபத்துநான்கு,
ஒன்று மறைவில்.
செல்லும் ஏதோ செய்துகொண்டிருந்திருக்கிறது.

இன்னொரு படம் எடுக்கக் கை போனது.
அந்த இடம் கருகி
எட்டு நிமிடம் ஆகியிருந்தது.
பதிவேட்டில் எழுதினேன்:
சதுரம் பதினேழு, பார்த்தாயிற்று.
கீழே சின்னதாய்:
குழிவைக் கண்டவர் இருதயராஜ், நைட்ரஜன் வண்டி.

காலி உருளையை உருட்டிக்கொண்டு
வெளிக்கதவைத் திறந்தார்.
குளிரிலிருந்து வந்த மூக்குக்கண்ணாடி
ஒரு நொடியில் வெள்ளை,
இரண்டு வில்லையிலும் முழுக் கடல்.
துடைக்கவில்லை.
கதவை ஒரு கையால் பிடித்தபடி
நின்றார்,
தெரியும்வரை.