வினைத்தொகை

வின்னம் துறை விட்டு இரண்டு மணி நேரம்.
ஆழமானி ஒன்று புள்ளி எட்டு என்றது,
ஒன்று புள்ளி ஒன்று என்றது,
பிறகு வாயைத் திறக்கவில்லை.
படகு மெல்ல மணலில் உட்கார்ந்தது,
மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவது போல.

எங்கே இருக்கிறீர்கள்? வானொலி கேட்டது.
லொரெய்ன் வரைபடத்தை முழங்காலில் விரித்தாள்.
நாங்கள் தட்டி நின்ற இடத்தில்
ஐந்து மீட்டர் நீலம் இருந்தது.
பெயரில்லாத இடம் என்றேன்.
பெயரில்லாமல் எப்படிப் பதிவது என்றது கரை.
பாகையும் கலையும் சொன்னோம்.
சரி, ஓதம் ஏற ஆறு மணி நேரம், காத்திருங்கள்.

இறங்கினேன்.
அளக்க வந்த ஆழம் கணுக்கால்வரை.
கடல்புல்லில் ஆவுளியா மேய்ந்த தடம்
கோணல் கோணலாய், யாரோ
எழுதிப் பார்த்து விட்டுவிட்ட மாதிரி.
மேற்கே துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தீக்குச்சியளவு.
வடகிழக்கில் மூர்கம்பின். தென்கிழக்கில் மின்ஜெரிபா.
இரண்டு தீவுக்கும் நடுவே
ஆண்டுக்காண்டு உதடு மாற்றும் ஒரு வாய்.

அந்தக் கப்பல் தலைவன் இதற்குள் வரவேயில்லை தெரியுமா,
ரொட்டியை மென்றபடி லொரெய்ன் சொன்னாள்.
தீவுக்கு அந்தப்பக்கம் போனவன்
வெளிக்கடல் வளைவுக்கு
ஊரிலிருந்த பிரபுவின் பெயரை வைத்தான்.
லண்டன் அச்சுக்காரன் ஓர் எழுத்தைக் கூடப் போட்டான்.
பின்னால் வந்த கப்பல்களோடு
பெயர் முனையைச் சுற்றி நகர்ந்து நகர்ந்து
உள்ளே வந்து தங்கிவிட்டது,
கூடுதல் எழுத்தும் சேர்ந்து: மோர்ட்டன்.

உங்கள் வீட்டில்?
குவாண்டமூக்கா.
யார் வைத்தது?
அவள் சிரித்தாள். உப்புக்கு யார் வைத்தார்கள்?

உன் மொழியில் இந்த மாதிரி நீருக்கு என்ன?
விரிகுடா.
சொல்லும்போதே ஏழாம் வகுப்பு இலக்கணம்
ஈரக்காலில் வந்து நின்றது:
காலம் கரந்த பெயரெச்சம்.
விரிந்த குடா,
விரிகின்ற குடா,
விரியும் குடா.
மதிப்பெண்ணுக்காக ஒப்பித்தது.
இப்போது மூன்று காலமும்
என் கணுக்காலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன,
மணலை எடுத்தும் வைத்தும்.

ஐந்தேகாலுக்குப் படகு ஒருமுறை அசைந்தது.
படிவத்தில் 'இடம்' என்ற கட்டத்தை
லொரெய்ன் சும்மா விடவில்லை.
குழலித் திட்டு என்று எழுதினாள்,
ஆங்கிலத்தில் என் ழகரத்துக்கு
இரண்டு எழுத்தும் சரியாகப் போட்டு.

திங்கட்கிழமை அலுவலக அறிக்கை வந்தது.
பிரபுவுக்குக் கூடியது எனக்குக் குறைந்திருந்தது:
குஸலித் திட்டு.
திருத்தச் சொல்லி எழுதினேன்.
பதில் வர நான்கு மாதம்.
அதற்குள் மறுபடி அளந்துவிட்டோம்;
அங்கே ஐந்து மீட்டர் நீலம்,
இரண்டு பெலிக்கன்.