முடவன் முழுக்கு

இளவரசர் வண்டி மாயவரம் ஜங்ஷனில்
எட்டு நிமிடம் நிற்கும்.
அதற்கு எங்கள் கச்சேரியில் நாற்பத்தொரு தாள்.

தேதியைத் துரையே குறித்தார், ஐப்பசிக் கடைமுழுக்கு.
அன்று ஊர் முழுக்கக் காவிரியில் கிடக்கும்.
கரையேறுகிறவர்களை அப்படியே
பிளாட்பாரத்துக்குத் திருப்பிவிட்டால்
வரவேற்க வந்த ஜனம் என்று எழுதிக்கொள்ளலாம்.
"ஈரத்துணியோடா?" என்றேன்.
"கறுப்புத்துணி இல்லாமல் இருந்தால் சரி"
என்றார் இன்ஸ்பெக்டர் ஞானாதிக்கம்.

யானை கேட்டோம்.
மதம் பிடித்திருக்கிறது என்று
கோயிலிலிருந்து சீட்டு வந்தது.
அது பெண் யானை.
சீட்டை நூல் கோத்துக் கட்டில் சேர்த்தேன்.

சிவப்புத் துணி முந்நூறு அடி வேண்டும்.
சீமைத்துணி வியாபாரிகள் ஐந்து பேரும்
கடையைப் பூட்டிக்கொண்டு
ஒரே நாளில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.
கடைசியில் கூறைநாட்டில்
ராட்டை நூலில் நெய்ததை வாங்கிச் சாயம் தோய்த்தோம்.
வவுச்சரில் 'துணி' என்று மட்டும் போட்டேன்.

தாள் இருபத்தேழு:
முன்கூட்டியே உள்ளே வைக்கவேண்டிய பதினேழு பேர்.
சுத்தப் பிரதி என் கையால்.
பதினொன்றாவது என் தம்பி வைத்தமாநிதி.
இன்ஸ்பெக்டர் தப்பாக வைத்தியநாதன் என்று எழுதியிருந்தார்.
விட்டிருக்கலாம்.
ஆனால் வைத்தியநாதன் என்று ஒருவன்
தினமும் விடியலில் எங்கள் வாசலில்தான்
பால் அளந்துகொண்டிருந்தான்.
திருத்தினேன்.
என் எழுத்து முத்து என்று துரை அடிக்கடி சொல்வார்.

கடைமுழுக்கன்று தந்தி.
கொள்ளிடத்தில் வெள்ளம், பாலத்தைப் பார்க்கவேண்டும்,
வண்டி ஒரு நாள் தாமதம்.
ஜனம் குளித்தது, தலை துவட்டியது,
பொரியும் பாத்திரமும் வாங்கிக்கொண்டு
ஊர் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் கார்த்திகை ஒன்று.
நடக்க மாட்டாமல் பிந்தி வந்த ஒருத்தனுக்காக
சுவாமி நீட்டிக்கொடுத்த நாள்.
தூற்றல். பிளாட்பாரத்தில் நானும் ஒன்பது கான்ஸ்டபிள்களும்.
வண்டி வந்தது, தண்ணீர் பிடித்தது.
ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது.
கெட்டிலோடு இறங்கிய சமையல்காரன்
இது எந்த ஊர் என்றான்.
சொன்னேன். சரி என்று ஏறிக்கொண்டான்.

சாயம் கரைந்து தண்டவாளம் வரைக்கும் ஓடியது.
கணுக்கால்வரை சிவப்போடு துலாக்கட்டத்தில் இறங்கினேன்.
கைகளை ஊன்றித் தவழ்ந்து வந்த ஒருவர்
படியில் நகர்ந்து இடம் விட்டார்.
"நீங்களும் தாமதமா?"

தேய்த்துப் பார்த்தேன், சாயம் விடவில்லை.
பதினேழு பேரை எப்போது வெளியே விடுவது என்று
நாற்பத்தொரு தாளில் ஒன்றிலும்
எழுதியிருக்கவில்லை.