கடைமடைக் கணக்கு

என் ஈரலில் ஒரு துண்டு
மகளுக்குப் போதும் என்றார்கள்.
அது இலவசம்.
அறுத்தெடுத்து அவளுக்குள் தைக்க
இருபத்திரண்டு லட்சம்.

கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவன் நான்.
நாற்பது கிலோ என்றால் தோளுக்குத் தெரியும்.
லட்சத்தின் எடை தெரியாது.

பேராவூரணி ஃபிளெக்ஸ் கடையில் ஜெகபர் கேட்டார்:
'கண்ணு ரொம்ப மஞ்சளா விழுந்திருக்கே,
கலர் கொஞ்சம் சரி பண்ணவா?'
கேட்டுவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.
போனில் பதினேழு படங்கள்.
பதினாறில் சிரிக்கிறாள்.
சிரிக்காத ஒன்றை எடுத்தோம்
நானும் அவரும்,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.
அச்சுக்கூலி வாங்கவில்லை.
நோட்டில் அதுதான் முதல் வரவு.

மேட்டூரைத் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் வரும்.
எங்கள் கடைமடை வாய்க்காலில் கால் நனைய
இருபது நாளாகும்.
சில வருஷம் பேப்பரோடு சரி.

பணமும் அப்படித்தான்.
முதல் வாரம் நுங்கும் நுரையுமாக வந்தது.
அதிராம்பட்டினத்தில் ஜும்ஆ முடிந்து துண்டு விரித்தார்கள்,
முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம்.
நிறைமதியின் மூன்றாம் வகுப்பு
ஹார்லிக்ஸ் பாட்டிலில் சில்லறை அனுப்பியது.
உள்ளே பாதி தேய்ந்த அழிரப்பர் ஒன்றும் கிடந்தது.
டீக்கடை வீரசேகரன்
ஒரு நாள் கல்லாவை அப்படியே கவிழ்த்தார்.
யாரோ ஒரு ரூபாய் போட்டார்கள்,
நான் நிஜமா என்று பார்க்க.
மறுநாள் அதே எண்ணிலிருந்து இரண்டாயிரம்.

பிறகு மடை அடைத்துக்கொண்டது.
சிங்கப்பூரிலிருந்து ஒரு லட்சம் சொன்னவர்
செய்தியைப் பார்க்கிறார்.
இரண்டு நீல டிக். பதில் இல்லை.
'அவனுக்கென்ன, புள்ளைய வச்சு மாடி கட்டிருவான்'
பஸ் நிறுத்தத்தில் ஒரு குரல்.
திரும்பவில்லை. குரலே போதும்,
என்னோடு மூட்டை தூக்குகிற ஆள்.
கோபப்படவும் அன்றைக்கு வரவு போதவில்லை.

மகளுக்கு வயிற்றில் நீர் கட்டியது.
ஆறு நாள் சேர்த்திருந்ததில் மூன்று லட்சம் போனது.
வரப்பில் நண்டு வளை இருந்தால்
எவ்வளவு பாய்ச்சினாலும் வயல் நிற்காது.
இருபத்திரண்டு இருபத்தாறாகியிருந்தது.

ராத்திரி மூன்று மணிக்கு முழித்துக் கணக்கைப் பார்ப்பேன்.
ஒரு ராத்திரி கோமளவல்லி
இருட்டிலிருந்து 'எவ்வளவு?' என்றாள்.
தொகையைச் சொன்னேன்.
அவள் கேட்டது காய்ச்சலை.

ஆடியில் மொய் விருந்து வைக்கலாம் என்றான் மைத்துனன்.
எங்கள் பக்கம் மொய் என்றால் கடன்.
வாங்கியதற்கு மேல் கூட்டித் திருப்ப வேண்டும்.
நான் எதைக் கூட்டுவேன்?
வைத்தோம்.
கிடாக்கறி, ஐந்நூற்றுப் பன்னிரண்டு இலை.
நோட்டைப் புரட்டினால்
நாற்பத்தோரு இடத்தில் பெயர் இல்லை.
ஒட்டங்காடு, ஒரு ஆள், ஆயிரம்.
குருவிக்கரம்பை, ஒரு ஆள், இருநூறு.
மறுபடியும் ஒட்டங்காடு, ஒரு ஆள்.
திருப்பிச் செய்யும் வழியை
வேண்டுமென்றே தூர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள்
இன்னும் ஒன்றேகால் லட்சம் குறைந்தது.
'பார்த்துக்கலாம்' என்றார் டாக்டர்.
அதையும் நோட்டில் எழுதினேன்,
வரவா பற்றா என்று தெரியாமல்.

இப்போது நான் மூட்டை தூக்கக் கூடாது.
தூக்குகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
சாக்கின் வாயைத் தைக்கிறேன்.
நிறைமதிக்குக் கண் வெளுத்துவிட்டது.
மாத்திரை மாதம் ஒன்பதாயிரம்.
கணக்கு மூடவில்லை.

நேற்று முத்துப்பேட்டையிலிருந்து ஒரு போன்.
பையனுக்கு இரண்டு வயதாம். அதே ஈரல்.
அழாமல் பேசப் பழகிவிட்ட குரல்.
'ஃபிளெக்ஸ் எந்தக் கடையிலங்க போட்டீங்க?'
ஜெகபர் நம்பரைக் கொடுத்தேன்.
சிரிக்கிற படம் வேண்டாம் என்று
சொல்ல வந்து, விட்டுவிட்டேன்.

அவர் அனுப்பிய கட்டத்தை ஸ்கேன் செய்து
கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
முதலில்
ஒரு ரூபாய்தான் அனுப்பினேன்.