முடியா எழுத்து

கலாக்கர் தெருவில் மூன்றாம் மாடி.
லிஃப்ட் ஓடாது. அறக்கட்டளை அறையில்
ஏசி மட்டும் ஓடும்.
பக்கத்துக்கு நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டு
செத்தவர்களின் கணக்கை வாசித்துத் தருகிறேன்.

நூற்றாண்டு மலர் தயாராகிறது:
நம் சமூகத்தின் பெருமக்கள்.
வழவழப்பான தாள். ஆளுக்கு இரண்டு பக்கம்,
நன்கொடை தந்த குடும்பத்துக்கு நான்கு,
சேட் ஹர்முக்ராய்க்கு ஆறு.
தலைப்பாகையோடு எண்ணெய்ச் சித்திரம் இருக்கிறது.
தர்மசாலை இருக்கிறது. கிணறு இருக்கிறது.
இல்லாதது மனதை உருக்கும் ஒரு சம்பவம்.
"பஹியில் தேடுங்கள்" என்றார் நிர்மல் பாபு,
"பஞ்சத்தில் ஏதாவது செய்திருப்பார்."

சிவப்புத் துணி அட்டை, நூறு வருட மிளகாய் நெடி.
முதல் ஏட்டில் குங்குமத்தில் சுபம், லாபம்.
அப்புறம் கடுகு சிந்தியதுபோல் எழுத்து.

முடியா என்பது அதன் பெயர்.
கொம்பில்லை, காலில்லை, சுழியில்லை.
வரிக்கு வரி வெறும் மெய்.
உயிரைப் படிக்கிறவன் போட்டுக்கொள்ள வேண்டும்.
சந்தையில் நின்றபடியே எழுதியவர்களுக்கு
உயிர் போட நேரம் இருந்ததில்லை.
எண்களைத்தான் நிறுத்தி எழுதினார்கள்.

சம்வத் ஐம்பத்தாறு, பாதோ மாதம்.
ஷேகாவாட்டியில் மேகமே எட்டிப் பார்க்காத வருடம்.
ஒட்டகங்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தன.
அந்த மாதத்து ஏட்டில் ஒரு வரி:

ஜ் ம் க் 1
கம்பு மணங்கு 2
த் ன் 90

ஜம்கூ என்று படித்தால் ஒரு பெண்.
குயவர் தெருவிலிருந்து வந்திருக்கலாம்,
புழுதிக் காலோடு வாசலில் நின்றிருக்கலாம்.
ஜும்கா என்று படித்தால் ஒரு ஜிமிக்கி.
ஒற்றை ஜிமிக்கியை யார் கொண்டுவருவார்கள்?
ஜோடியை முந்தைய மாதம் தின்று தீர்த்தவர்கள்.

அடுத்தது த், ன்.
தான் என்றால் தானம். தின் என்றால் நாள்.
ஏழைப் பெண்ணுக்கு இரண்டு மணங்கு இலவசமாகவும் அளந்திருக்கலாம்,
தொண்ணூறு நாள் தவணையில்
ஒரு காதைப் பிடித்தும் வைத்திருக்கலாம்.

மீட்டதாக வரவு இருக்கிறதா என்று
அடுத்த நான்கு மாதமும் புரட்டினேன்.
கார்த்திகையைக் கரையான் தின்றிருந்தது.

கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
அதே ஏட்டில் கிணற்றுக் கூலி, முந்நூறு பேர்,
தினமும் தானியமாக. ஒருநாளும் தவறவில்லை.
அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறேன், உப்பில்லை.
செலவு மட்டும் தர்மாதாக் கணக்கில் நிற்கிறது:
மூட்டைக்குக் காலணா வீதம்
வாங்கியவனிடம் பிடித்த காசு.
பளிங்கில் யார் பெயர் என்பது உங்களுக்கே தெரியும்.

இரண்டு விதமாகவும் வாசிக்கலாம் என்றேன்.
நிர்மல் பாபு கச்சோரியை என் பக்கம் தள்ளினார்.
"நல்ல விதமாக வாசியுங்கள், பண்டிட்ஜி.
இரண்டாயிரம் பிரதி."

ஜம்கூவுக்குக் கண்ணீர் கொடுத்தேன்.
இடுப்பில் ஒரு குழந்தை கொடுத்தேன்.
சேட்ஜி தன் கையாலேயே அளந்தார் என்று எழுதினேன்.
கேட்டுக்கொண்டிருந்தவருக்குக் கண் கலங்கியது,
நிஜமாகவே கலங்கியது.
எனக்கு மட்டும் அந்த அறையில் யாரோ
ஒரு பக்கம் கனத்த தலையோடு
திரும்பிப் போவது போலிருந்தது.

கூலிக்கு வவுச்சர் போட்டார் காசாளர்:
தொகை, அதன் கீழே, தொண்ணூறு நாளில்.
அழகான தேவநாகரி.
ஒரு மாத்திரை விடவில்லை.
எனக்குச் சந்தேகமே வரவில்லை.

கையெழுத்துக் கேட்டார்.
முடியாவில் போட்டேன்,
மெய்யை மட்டும்.